கங்காணிக்கு இடது கை கொடுத்த நாள்

கல்மூங்கில் கம்பு முழங்கால் எலும்பில் படும்போது "டொக்" என்று ஒரு சத்தம் வரும். பக்கத்தில் நிற்பவனுக்கு அது ஏதோ கட்டையில் தட்டினதுபோலத்தான் கேட்கும்; வாங்கினவனுக்கோ காதில் கேட்காது, பல்லுக்குள்ளே கேட்கும். என் பன்னிரண்டாம் வயதில் சனிக்கிழமை மத்தியானம் தவறாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான், பாதி வாங்கியும் பாதி கொடுத்தும். சாரணர் இயக்கம் என்று இன்றைக்குப் பாடப் புத்தகத்தில் மரியாதையாகப் போடுகிறார்களே, அதைத்தான் ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட்டுக்குப் போகிற வழியில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் "ஸ்கவுட்டு" என்று சொன்னோம். அதில் சேவை இருக்கிறது, சகோதரத்துவம் இருக்கிறது என்று எங்கள் வாத்தியார் சொல்வார். இருந்திருக்கலாம். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஆளுக்கொரு கம்பைக் கையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர்களே சொல்கிற ஒரே இடம் அது என்பதுதான்.

முதல் மகா யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். சண்டையில் காலில் குண்டு வாங்கி நொண்டிக்கொண்டு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் தோட்டத்துக்குத் துரையாக வந்தார். பையன்கள் வரிசையாக நிற்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு பித்து. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த யாழ்ப்பாணத்து வாத்தியாரைக் கூப்பிட்டுச் சொல்ல, ஒரு மாதத்துக்குள் பதினாறு பேர் காக்கிக் கால்சட்டையும் கழுத்தில் பச்சைத் துணியுமாக நின்றோம். கம்பு மட்டும் அவரவர் அப்பன் செய்து தரவேண்டும் என்பது வாத்தியாரின் கட்டளை. என் அப்பா பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர், சேலத்துப் பக்கம், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோலப் பேச்சுக்குப் பஞ்சமான மனுஷன். ஒருநாள் பால் வாளியை இறக்கிய கையோடு ஆற்றோரம் போய்க் கல்மூங்கில் ஒன்றை வெட்டிவந்து, நெருப்பில் வாட்டி நிமிர்த்தி, கணுக்களைச் செதுக்கி, தேங்காயெண்ணெய் தேய்த்து என் கையில் கொடுத்தார். "ஒடியாதுடா. ஆனை மிதிச்சாலும் ஒடியாது" என்றார். அன்றைக்கு முழுதும் அவர் பேசினது அவ்வளவுதான்.

சனிக்கிழமை விளையாட்டுக்குப் பெயர் கொடி பறிப்பு. இரண்டு கட்சியாகப் பிரிந்து ரப்பர் காட்டுக்குள் ஓடவேண்டும், எதிராளியின் கொடியைப் பறித்துவரவேண்டும், கம்பை மற்றவன்மேல் வீசக்கூடாது. இந்தக் கடைசி விதியை வாத்தியார் ஊதல் ஊதிச் சொல்லி முடிப்பதற்குள் எங்களில் நாலு பேருக்கு மண்டை வீங்கியிருக்கும். அப்பன்மார் கூலிக்காரர் குடியிருந்த லயத்து வாசலில் சிலம்பம் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்; கம்பைக் கொடுத்துவிட்டுச் சும்மா தூக்கிக்கொண்டு நட என்றால் எப்படி நடப்போம்? என் கடைவாய்ப் பல் ஒன்று அந்தக் காட்டில்தான் எங்கோ கிடக்கிறது. அதைப் பெயர்த்தவன் நடேசன். அடுத்த வாரமே அவன் புருவத்தைப் பிளந்து கணக்கைத் தீர்த்தேன். இரத்தம் ஒழுக ஒழுக இருவரும் ஒரே ஓடையில் முகம் கழுவிக்கொண்டு, பச்சைத் துணியால் ஒருவருக்கொருவர் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்புவோம். வாத்தியார் கற்றுக்கொடுத்த முதலுதவியில் நாங்கள் கெட்டிக்காரர்களானது அப்படித்தான். சண்டையில் அவனை நான் அதிகம் தடவை வீழ்த்தியதால் அணித் தலைவன் பதவி எனக்கு வந்தது.

நடேசன் பெரிய கங்காணியின் மகன். தோட்டத்தில் துரை கடவுள் என்றால் கங்காணி எமன். ஊரிலிருந்து எங்கள் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவரே அவர்தான். விடியற்காலை "பெரட்டு"க் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். அவர் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் லயத்தில் வீடும் இல்லை. ஒருநாள் தாமதமாக வந்த ஆள் ஒருவரின் வாயில் அவர் பிரம்பின் பூணால் குத்தியதை நான் பார்த்தேன். பல் பெயர்ந்து வாயில் இரத்தத்தோடு நின்றது. கங்காணி முன்னால் காறித் துப்பினால் மரியாதைக் குறைவு என்று அந்த ஆள் பல்லையும் இரத்தத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டு, "தப்புங்கய்யா" என்றார். இதைப் பார்த்துத்தான் எங்கள் அப்பன்மார் தினமும் வேலைக்குப் போனார்கள். என் அப்பா அந்த வரிசையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றதையும் பார்த்திருக்கிறேன். அந்த வயதில் எனக்கு அவரிடம் பிடிக்காமல் போன முதல் விஷயம் அந்தத் தொங்கிய தலைதான். இத்தனைக்கும் அவர் என்னை ஒருநாளும் அடித்தவரில்லை. அடிப்பதெல்லாம் அம்மாவின் பொறுப்பு.

இந்த நேரத்தில்தான் வாத்தியார் எங்களுக்கு இடது கை கொடுக்கப் பழக்கினார். சாரணனும் சாரணனும் சந்தித்தால் வலது கையால் வணக்கம் வைத்து இடது கையைக் குலுக்கவேண்டுமாம். நாங்கள் திருதிருவென்று விழித்தோம். "பீச்சாங்கை"யை ஒருவரிடம் நீட்டினால் எங்கள் லயத்தில் என்ன நடக்கும் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வெற்றிலையைக்கூட அந்தக் கையால் கொடுத்துவிட முடியாது, அம்மாவின் அகப்பைக்காம்பு மணிக்கட்டில் இறங்கும். வாத்தியாருக்குத் தெரியாதா? அவரும் தமிழர்தானே. ஆனால் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துச் சட்டைக் கழுத்துப் பட்டனைப் பூட்டிக்கொண்ட தமிழர்.

"இடது கைதான் நெஞ்சுக்குக் கிட்ட இருக்கிற கை, பிள்ளையள். விளங்குதோ? சாரணனுக்கும் சாரணனுக்கும் மட்டும்தான். வேற ஒருத்தருக்கும் இல்லை" என்றார்.

ஒரு மாதம் தினமும் பழகினோம். தவறி வலது கையை நீட்டினவனுக்கு அந்தக் கையின் விரல் முட்டியிலேயே அடிமட்டக் கோலால் ஒன்று விழும். என் வலது கை முட்டி நாலு தடவை வீங்கியபிறகு கை தானாகவே இடது பக்கம் பழகிக்கொண்டது.

பிறகு துரைக்கு ஓர் ஆசை வந்தது. பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடுகிற குடும்ப விளையாட்டு நாள் ஒன்று வைக்கவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ரப்பர் தாளைப் புகைபோட்டு உலர்த்துகிற புகைக்கூடத்துக்கு முன்னால் இருந்த மைதானத்தில் கயிறு கட்டி, காகிதக் கொடி தொங்கவிட்டு, எங்கள் அப்பா அம்மாமாரை வெள்ளை வேட்டியும் நல்ல சேலையுமாக உட்காரவைத்தார்கள். கூலிக்காரர்கள் வேலையில்லாமல் துரை முன்னால் உட்கார்ந்தது அந்தத் தோட்டத்தின் ஆயுளில் அன்றைக்குத்தான். அவர்கள் உட்காரவும் தெரியாமல் எழுந்திருக்கவும் தெரியாமல் தவித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

முதலில் அணிவகுப்பு. அது முடிந்ததும் அணித் தலைவனான நான் முன்னே போய் விருந்தாளிகளுக்கு வணக்கம் வைக்கவேண்டும். துரை நின்றார், பக்கத்தில் தொப்பியும் கையுறையுமாகத் துரைசானி, அவர் பக்கத்தில் சரிகைத் தலைப்பாகையோடு கங்காணி. துரையும் ஒரு சாரணர்தான். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினார். குலுக்கினேன். துரைசானியும் விளையாட்டாக இடது கையை நீட்டினார். குலுக்கினேன். ஓர் அடி நகர்ந்தேன். அங்கே நான் கம்பைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கையையும் கூப்பிக் குனிந்திருக்கவேண்டும். அந்த வித்தியாசம் என் மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. பால்வெட்டுக்காரன் மகனான நான், தோட்டமே பார்த்துக்கொண்டிருக்க, பெரிய கங்காணியின் முகத்துக்கு நேரே பீச்சாங்கையை நீட்டினேன்.

மைதானத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. நீட்டிய கையை இழுத்துக்கொள்ளவும் எனக்குத் தோன்றவில்லை. அப்போது துரை தமக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் உற்சாகமாகக் கத்தினார்: "கங்காணி! நீ கை குடு! ஸ்கவுட்டு கை குடு!"

கங்காணி சிரித்தார். தம் இடது கையை நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் உள்ளங்கை நெருப்பாகச் சுட்டது. துரைசானி கைதட்டினார். பெற்றவர்கள் பக்கம் பார்த்தேன். அப்பா எழுந்து நின்றிருந்தார்.

பிறகு நடந்த விளையாட்டுகளை நான் பாதி மயக்கத்தில்தான் பார்த்தேன். குடத்தில் தண்ணீர் சுமந்து ஓடுகிற பந்தயத்தில் அம்மா இரண்டாவதாக வந்து, நனைந்த சேலையோடு வாய்விட்டுச் சிரித்தார். அடுத்து அப்பன்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கயிறிழுப்பு. கங்காணி தாமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியவர்கள் கட்சிக்குக் கடைசி ஆளாக நின்று, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டார். இரண்டே இழுப்பில் நாங்கள் குப்புற விழுந்தோம். ஊதல் ஊதியும் அவர் விடவில்லை. "இழுங்கடா!" என்று கத்திக்கொண்டே பின்னால் நடந்தார். அவர் சொன்னால் மற்றவர்கள் எப்படி நிறுத்துவார்கள்? கோடு தாண்டி, சரளைக்கல் தாண்டி, முதல் ஆளான என் முழங்காலும் முழங்கையும் தோலுரிந்து சிவக்கும்வரை எங்கள் அப்பன்மார் எங்களை இழுத்துக்கொண்டு போனார்கள். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கயிற்றைப் போட்ட கையோடு கங்காணி என் அப்பாவைப் பார்த்து ஒற்றை விரலை அசைத்தார். இருவரும் புகைக்கூடத்துக்குப் பின்னால் போனார்கள். கொஞ்ச நேரத்தில், தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அவன் அப்பன் கத்தியதால் நடேசனும் செம்போடு அங்கே ஓடினான். அங்கே என்ன பேசினார்கள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அப்பா திரும்பி வரும்போது தோள் துண்டு இடுப்பில் இருந்தது.

நிகழ்ச்சியில் கடைசி, முதலுதவிக் காட்சி. நடேசன் கை ஒடிந்தவனாகப் படுக்கவேண்டும், நான் கட்டுப் போடவேண்டும். ஒடிந்த கையோடு வைத்துக் கட்டப் பிரம்புச் சிம்பும் துணியும் தயாராக இருந்தன. வாத்தியார் ஊதலை வாயில் வைத்தார். அதற்குள் அப்பா கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் வந்தார், சாத்தி வைத்திருந்த கம்புகளில் என் கம்பைத் தேடி எடுத்தார், என் முன்னால் வந்து நின்றார்.

"கைய நீட்டுடா."

பள்ளிக்கூடத்தில் பிரம்படிக்கு நீட்டுவதுபோல நான் வலது கையை நீட்டினேன். அப்பா அதைப் படீரென்று தட்டிவிட்டார்.

"அந்தக் கை இல்லடா!"

என் இடது கையைத் தாமே பிடித்து இழுத்து, கொடி நட்டிருந்த கட்டையின்மேல் மணிக்கட்டை வைத்து அழுத்திக்கொண்டு ஓங்கினார். முதல் அடி வழுக்கித் தோளில் பட்டது. "அப்பா, வேணாம்பா" என்றேன். இரண்டாவது அடியில் என் முன்னங்கை ஒடிந்தது. அந்தச் சத்தம் "டொக்" இல்லை. ஈர விறகை முழங்காலில் வைத்து முறிக்கிற சத்தம். கம்பு ஒடியவில்லை.

அந்தப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. துரையும் துரைசானியும் இதுதான் முதலுதவிக் காட்சியின் ஆரம்பம் என்று நினைத்துவிட்டார்கள். "நல்லா! நல்லா!" என்று துரை கத்தினார். லயத்து ஆட்கள் பக்கமிருந்து அம்மாவின் ஓலம் மட்டும் தனியாகக் கேட்டது. வாத்தியார் ஊதலை வாயில் வைத்தபடியே நின்றார். நடேசன்தான் ஓடிவந்தான். பிரம்புச் சிம்பை வைத்து, துணியைச் சுற்றி, நாங்கள் நூறு தடவை பழகின அதே முடிச்சைப் போட்டான். மூக்கு ஒழுக, "டேய் மாரி, பாக்காத, கையப் பாக்காத" என்று சொல்லிக்கொண்டே போட்டான். துரைசானி பரிசாக ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். கிட்ட வந்தபிறகுதான் தோலைக் கிழித்துக்கொண்டு நின்ற எலும்பைப் பார்த்தார். டின் கீழே விழுந்தது.

துரை நொண்டிக்கொண்டே ஓடிவந்து அப்பாவின் சட்டையைப் பிடித்தார். "ஏன் அடிச்ச?"

"எம்மவன் தொரை. நாந்தான் அடிச்சேன்" என்றார் அப்பா. கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு எங்கோ பார்த்தார்.

துரையின் காரிலேயே என்னை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு இரண்டு இடத்தில் விட்டிருந்தது. கூடினபோது கோணலாகத்தான் கூடியது. மூன்றாம் நாள் காலை அம்மா மூட்டை முடிச்சோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்தார். பெரட்டில் அப்பா பெயரைக் கங்காணி கூப்பிடவில்லையாம்.

அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு பன்னிரண்டு வயதில் நான் போட்ட கணக்கு எளிமையானது. கங்காணிக்குப் பயந்து பெற்ற பிள்ளையின் கையை ஒடித்தார். ஒடித்தும் வேலை போனது. இவரைவிடக் கோழையும் கிடையாது, முட்டாளும் கிடையாது. அந்தத் தீர்ப்பை நான் மாற்றவே இல்லை. ஈப்போவில் குடியேறினோம். அப்பா ரயில் கூட்ஸ் கொட்டகையில் மூட்டை தூக்கினார். கடைசிவரை மூட்டைதான். எனக்குப் படிப்பு வந்தது, எழுத்து அழகாக வந்தது. தபாலாபீஸ் பக்கத்துக் கடைவாசல் நடைபாதையான அஞ்சடியில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதமும் மனுவும் எழுதிக்கொடுத்துக் குடும்பம் நடத்தினேன். அப்பா மழைக்காலத்தில் எண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு என் இடது கைக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். நான் எழுந்து போய்விடுவேன். ஜப்பான்காரன் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால், மூட்டைக்கடியில் விழுந்து முதுகு ஒடிந்து செத்துப்போனார்.

ஜப்பான்காரன் வந்து போய்ச் சில வருஷங்கள் கழித்து, ஒருநாள் என் மேசைமுன் வழுக்கைத் தலையோடு ஓர் ஆள் மனு எழுத உட்கார்ந்தான். நான் பேனாவைத் திறக்கும் முன்பே அவன் என் கோணல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். புருவத்தில் தழும்பு.

"மாரிதானே நீ? நான் நடேசன்லா."

அவன் அப்பன் கங்காணி செத்ததையும், என் அப்பா செத்ததையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அவன் என் கோணல் கையை மறுபடி பார்த்தான்.

"ஒங்கப்பா ஒன்கிட்ட சொல்லிட்டுத்தானே போனாரு?"

"என்னத்த?"

"சொல்லலியா?" அவன் குரல் இறங்கியது. "அன்னைக்கு நான் தண்ணி கொண்டுக்கிட்டுப் பொகைக்கூடத்துக்குப் பின்னால போனேன்லா. எங்கப்பா சொன்னது வலது கைய, மாரி. ‘பீச்சாங்கைய நீட்டுனவன் ஆயுசு பூரா பீச்சாங்கையாலயே திங்கட்டும். அவன் சோத்தாங்கைய ஒடிச்சிட்டு வா. நீ ஒடிக்கலேன்னா ஆள விட்டு ரெண்டையும் ஒடிப்பேன்’னாரு. ஒங்கப்பா கால்ல விழுந்தாரு. அப்புறம் ‘சரிங்கய்யா’ன்னுட்டு எழுந்து போனாரு. போயி என்ன செஞ்சாருன்னு நீதான் பாத்தியே. தொரைக்கு முன்னால ஒரு கை ஒடிஞ்ச பையன அப்புறம் எங்கப்பாவால தொட முடியுமா? எங்கப்பா அன்னைக்குச் சோறு திங்கல. ‘அந்தப் பய என் பேச்ச மீறிட்டான்’னு செவுத்துல குத்துனாரு. அதுக்குத்தான் ஒங்கள வெரட்டுனது."

அவனுக்கு எழுதிக்கொடுக்கவேண்டிய மனுவை மூன்று தாளில் கெடுத்து நாலாவது தாளில்தான் எழுதி முடித்தேன். எழுதுகிற கையை நான் பார்க்கவே இல்லை.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை வைத்தார்கள், அதையும் வெட்டி வரிசை வீடுகள் கட்டிவிட்டார்கள். புகைக்கூடம் இருந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிற பட்டறை ஒன்று இருக்கிறது. பெரட்டு என்றால் என்னவென்று அந்த வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கங்காணி என்ற சொல்லே பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை, நல்லதுதான். போனதில் எதற்கும் நான் ஏங்கவில்லை. ஒன்று மட்டும் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். கை ஒடிந்த நாளுக்குப் பிறகு அப்பாவும் நானும் பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரே பானைச் சோறு தின்றோம். அந்தப் பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை.